இரும்புக் கதவை இளக்கும் விதிகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் கால் ஓய்வு பெறுவதில்லை. 1997-ல் வருவாய்த் துறை எனக்கு ஒரு மாலையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பி வைத்தது. என் மனைவிக்குப் பணிக்காலம் இன்னும் மூன்று வருடம் இருந்தது. அவள் செம்மேட்டில் பள்ளித் தலைமையாசிரியை. தலைமையாசிரியையின் கணவர் என்ற ஒரே தகுதியோடு நான் கொல்லிமலை ஏறினேன்.

காலையில் அவள் பள்ளிக்குப் போனதும் நானும் கிளம்பிவிடுவேன். எங்கே என்று கேட்டால் பதில் கிடையாது. பஸ் நிலையத்தில் நின்று நாமக்கல் பஸ் எவ்வளவு தாமதம் என்று பார்ப்பேன். அதைக் கண்டக்டருக்கும் தெரிவிப்பேன். யூனியன் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளைப் படிப்பேன். எந்த அறிவிப்பிலும் ஒரு குறையாவது இருக்கும். உள்ளே போய்ச் சொல்வேன். சில மாதங்களில், என் தலை தெரிந்ததும் எழுத்தர்கள் டீ குடிக்கக் கிளம்ப ஆரம்பித்தார்கள். வீட்டுக்குத் திரும்பினால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடை.

"தரை தேயுதுங்க," என்பாள் மனைவி. "வாடகை ஊடு. தேஞ்சதுக்கு நாமதான் பதில் சொல்லோணும்."

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு புது டாக்டர் வந்திருந்தார். நாமக்கல் பக்கத்து இளைஞர். ஒரு நாள் என் பிரஷரைப் பார்த்துவிட்டு, பட்டையைக் கழற்றியபடி சொன்னார்.

"உங்களுக்கு மாத்திரை வேண்டாமுங்க. வேலை வேணும்."

"யார் கொடுப்பா?"

"நான் தாரேன். சம்பளம் இல்லீங்க. ஆனா அதிகாரம் உண்டு."

அமெரிக்காவிலிருந்த அவருடைய அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பலகை கிடையாது, காய் கிடையாது. சில பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் நடுவர். அவர் ஓர் உலகத்தை வாயாலேயே கட்டுவார்: இங்கே ஒரு கோட்டை, அங்கே ஒரு பள்ளம், பின்னால் துரத்தி வரும் கொள்ளைக்காரர்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். செய்தது பலித்ததா என்று பகடை சொல்லும். பகடைக்கு இருபது முகம்; பெரிய எண் விழுந்தால் பலித்தது, சிறிய எண் என்றால் இல்லை. பாத்திரம் செத்தால் செத்ததுதான். மற்றபடி யாரும் ஜெயிப்பதில்லை, ஆட்டம் முடிவதுமில்லை, போன வாரம் விட்ட இடத்திலிருந்து இந்த வாரம் தொடரும். அரசாங்கக் கோப்பு போல இருக்கிறதே என்று நினைத்தேன். மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

நடுவர் நான். டாக்டர் வாள்வீரர். மூன்றாவதாக டாக்டர் பிடித்து வந்த ஆள், துறையூர்ப் பக்கத்து அடிவாரத்தில் மிளகு மண்டி வைத்திருந்த வியாபாரி. மலை முழுக்க அவருக்கு ஒரே பெயர்தான், பாய். கொள்முதலுக்காக வாரம் ஒரு முறை மலையேறி, ஞாயிறு தங்கிப் போவார். எதற்கும் பேரம் பேசுவார். சுகாதார நிலையத்தில் ஊசி ஒன்றா இரண்டா என்றுகூடப் பேசியிருக்கிறார்.

"இதுல உடம்பு நோவாத வேலை எதுங்க சார்?" என்று கேட்டார்.

"மந்திரவாதி," என்றார் டாக்டர்.

"அதை எனக்கு எழுதிக்கங்க."

டீத் தட்டை வைத்துவிட்டுச் சும்மா நின்றிருந்த என் மனைவி, "இதுல திருடி உண்டா?" என்றாள். உண்டு என்றார் டாக்டர். முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இப்படியாக நாங்கள் நாலு பேர்.

சிக்கல் விதிப்புத்தகத்தில் இருந்தது. அண்ணன் விட்டுப்போனது ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தின் ஜெராக்ஸ். மந்திரவாதிக்கு உரிய சக்திகளில் ஒன்று, பொருள்களின் தன்மையை மாற்றுவது. பாய் தேடிப் பிடித்துத் தேர்ந்தெடுத்தது அதைத்தான். அதற்கான விதிகள் இருந்த பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தவர் விட்டுவிட்டார். அத்தியாயத்தின் தலைப்பு இருந்தது. அடுத்த தாளில் குதிரைகளுக்குத் தீனி போடுவது பற்றி இருந்தது.

"விட்டுடலாமுங்க," என்றார் டாக்டர்.

விதி இல்லை என்று ஓர் அதிகாரத்தை விட்டுவிடுவதா? நான் உட்கார்ந்து எழுதினேன். ஒரு வாரம் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தபடி எழுதினேன் என்று சொல்வதுதான் சரி.

முதல் விதி: பொருள் மாறாது, அதன் ஒரு தன்மை மட்டும் மாறும். இரும்பு இரும்பாகவே இருக்கும். மெழுகு போல இளகலாம், அல்லது அப்பளம் போல நொறுங்கலாம். இரண்டும் ஒரே சமயத்தில் கூடாது. கல்லைப் பொன்னாக்க முடியாது.

"அப்ப மிளகு மிளகாவே இருக்கும். கனம் மட்டும் கூடும்?" என்றார் பாய்.

"கூடும்."

"நல்ல ஆட்டம் சார் இது."

இரண்டாவது விதி அளவைப் பற்றியது. கற்றுக்குட்டி மந்திரவாதி ஒரு தலைச்சுமை அளவுக்கு மாற்றலாம். தேறினால், ஒரு கதவு. இன்னும் தேறினால், ஒரு பாலம். மூன்றாவது, அடுத்தவர் கையில் இருக்கும் பொருளை மாற்றுவதானால் அவருக்கு ஆட்சேபிக்க ஒரு வாய்ப்பு தர வேண்டும்; அதாவது அவரும் பகடை உருட்டுவார். எதிரியின் வாளை வாழைத்தண்டாக்கும் முன் எதிரிக்கு நோட்டீஸா என்று டாக்டர் சிரித்தார். எதிர்த்தரப்பைக் கேட்காமல் போட்ட உத்தரவு மேலே போனால் நிற்காது என்று விளக்கினேன்.

நான்காவது விதி, உயிருள்ளவற்றின் மேல் இந்தச் சக்தி செல்லாது என்பது. இதற்கு மட்டும் இரண்டு ஞாயிறு போயிற்று. வெட்டி அடுக்கிய மரவள்ளிக் குச்சி உயிருள்ளதா இல்லையா?

"அதுல செல்லெல்லாம் உயிரோடதான் இருக்குதுங்க," என்றார் டாக்டர்.

"டாக்டரே, அதை நான் வெறகுன்னு வாங்கியிருக்கேன்," என்றார் பாய்.

"நட்டா உசுரு, அடுப்புல வெச்சா வெறகு," என்றாள் என் மனைவி. "சண்டையை முடிங்க, வெளிச்சம் போவுது."

நடும் நோக்கத்தோடு வைத்திருந்தால் உயிர், மற்றபடி ஜடம்; நோக்கத்தை நிரூபிக்கும் பொறுப்பு அதைக் கோருபவருடையது என்று எழுதிச் சேர்த்தேன். இன்றைக்கும் அதில் கை வைக்க இடமில்லை.

ஐந்தாவது விதி, மாற்றம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது. அமெரிக்கப் புத்தகமாக இருந்தால் இத்தனை நிமிடம் என்று எழுதியிருப்பார்கள். என் பேனா தானாகவே 'மறு உத்தரவு வரும் வரை அமலில் இருக்கும்' என்று எழுதியது. வாழ்நாள் முழுக்க வேறு எப்படியும் முடித்து எனக்குப் பழக்கமில்லை. நாலு பேருமே அதைப் படித்தோம். யாருக்கும் உறுத்தவில்லை, மலைக்கு வந்த எந்த உத்தரவுமே அப்படித்தான் இருந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் ஆடினோம். புத்தகத்தில் இருந்த பனியும் கோட்டையும் எங்களில் எவருக்கும் பிடிபடவில்லை. அதனால் நான் மலையையும் ஓடையையும் கொடுத்தேன். பாயின் மந்திரவாதி மெல்லத் தேறினான். பாறையை வழுக்கச் செய்து கொள்ளைக்காரர்களைச் சறுக்கி விழ வைத்தான். ஓலைக் கூரையை இரும்பாய் இறுக்கித் தீயிலிருந்து ஒரு ஊரைக் காத்தான். அன்று பாய் சந்தோஷத்தில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிவந்தார். மண்டியில் வாடிக்கையாளர்களிடமும் அந்த மந்திரவாதியைப் பற்றித் தம்பியைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார் என்று டாக்டர் சொன்னார். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்திரம் வாசல் பக்கம் போகாமல் இருந்தேன்.

பிறகு அந்தக் கதவு வந்தது.

ஆட்டத்தில் ஒரு தானியக் கிடங்கு. பல வாரங்களுக்கு முன் அதன் இரும்புக் கதவைப் பாய் பிசைந்த மாவு போல இளக்கியிருந்தார். மூவரும் அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போனார்கள். கதவை மறுபடி இறுக்க யாரும் உத்தரவு போடவில்லை, ஆகவே ஐந்தாவது விதிப்படி அது அப்படியே கிடந்தது. இப்போது கொள்ளைக்காரர்கள் துரத்த, மூவரும் அதே கதவுக்கு ஓடி வருகிறார்கள். உள்ளே புகுந்துவிட்டுக் கதவை இறுக்கிவிடுவது திட்டம். முதலில் டாக்டர் புகுந்தார். அடுத்து பாய். என் மனைவி கடைசி. அவளுக்கு ஒரு கை தூரத்தில் கொள்ளைக்காரர்கள்.

"கதவுக்குள்ள பாயறேன்!" என்றாள் அவள்.

"கதவே, இறுகு!" என்றார் பாய்.

இரண்டும் ஒரே மூச்சில். பாய்தான் அரை நொடி முந்தினார் என்றார் டாக்டர். பாய் அதை ஒப்புக்கொண்டார். "டீச்சரம்மா திருடிங்க. எப்படியும் தப்பிச்சுருவாங்க. கதவு தொறந்து கெடந்தா மூணு பேரும் காலி."

"நான் பாதி இங்க, பாதி அங்கன்னு நிக்கட்டுமா?" என்றாள் மனைவி.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். விதியில் இதற்குப் பதில் இல்லை. மறு உத்தரவு எந்தக் கணத்தில் அமலுக்கு வரும் என்று நான் எழுதியிருக்கவில்லை. ஆனால் விதி மௌனமாக இருக்கும் இடத்தில் நடைமுறை பேசும். ஓர் உத்தரவு பிறப்பித்த கணத்திலிருந்து அல்ல, உரியவருக்குச் சேர்ந்த கணத்திலிருந்தே செல்லும். ஆகவே கதவுக்கு அந்த உத்தரவு போய்ச் சேர ஆட்டத்தில் ஒரு சுற்று ஆகும். அதற்குள் திருடி உள்ளே வந்துவிட்டாள்.

"கதவுக்கு என்ன தபால்லயா போவுது?" என்றார் பாய்.

"தீர்ப்பு சொல்லியாச்சு."

திருடி வந்த வழியில் இரண்டு கொள்ளைக்காரர்களும் வந்துவிட்டார்கள். நான் அவர்களுக்காகப் பகடை உருட்டினேன். இருபது விழுந்தது. ஈட்டி மந்திரவாதியின் நெஞ்சில் பாய்ந்தது.

பாய் தன் மந்திரவாதியின் விவரங்கள் எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஆபீசர் ஊட்டுல ஆபீசரம்மாவுக்குத்தானே சட்டம்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். டீயைத் தொடவில்லை.

அடுத்த வாரம் பாய் மலைக்கு வந்ததாகவும் மிளகு எடுத்ததாகவும் கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. இரண்டு பேரை வைத்து ஆடிப் பார்த்தோம். டாக்டரும் என் மனைவியும் எதையும் ஒரே நிமிடத்தில் ஒத்துக்கொண்டார்கள். சண்டை போட ஆளில்லாமல் ஆட்டம் சப்பென்று இருந்தது. டாக்டர் மரியாதைக்காக ஒரு தரம் வந்தார், பிறகு கேஸ் இருக்கிறது என்றார். பாய் திரும்பாவிட்டால் ஞாயிறு போயிற்று. ஞாயிறு போனால் எனக்கு மிச்சம் பஸ் நிலையமும் பிரஷரும்தான்.

மறுபடியும் நடக்க ஆரம்பித்தேன். தீர்ப்பு சரி என்று வாசலுக்குப் போகும்போதும், சரியேதான் என்று கொல்லைக்குத் திரும்பும்போதும் சொல்லிக்கொண்டேன்.

"ஏனுங்க," என்றாள் மனைவி, "சரியான தீர்ப்புக்கு இத்தனை நடையா? போய்க் கூப்பிடுங்க. போனா கிரீடம் எறங்கிருமா?"

"மேல்முறையீடு அவர்தானே செய்ய வேண்டும்?"

"அவரு செஞ்சாச்சுங்க. வராம இருக்கறதுதான் அது."

பஸ்ஸில் போனால் நாமக்கல் சுற்றித் துறையூர் போய்ச் சேர ஒரு பகல் ஆகும். அவ்வளவு நேரம் ஜன்னலோரம் என்னை நானே சகித்துக்கொள்ள முடியாது என்று தோன்றியது. விடிந்ததும், மலைமேல் ஆலத்தூர் நாட்டு ஊர்களிலிருந்து பலாப்பழம் சுமந்து இறங்கிய இருவரோடு, துறையூர்ப் பக்க அடிவாரத்தில் உள்ள புளியஞ்சோலைக்குப் போகும் காட்டுப் பாதையில் இறங்கினேன். அவர்கள் தலையில் பழம். என் தலையில் ஐந்து விதிகளும் ஒரு திருத்தமும்.

"ஏனுங்க சாமி, இந்த வயசுல எறங்கோணுமா? என்ன சோலி?" என்று முன்னால் போனவர் கேட்டார்.

"ஒரு வழக்கு. சமாதானம் பேசப் போறேன்."

"நெலமுங்களா?"

"இல்ல. இரும்புக் கதவு."

"திருடிட்டாங்களா?"

"இளகிப் போச்சு."

அதற்குப் பிறகு இருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பாறை வழுக்கும் இடங்களில் மட்டும் ஒருவர் திரும்பி நின்று, புத்தி சரியில்லாதவரைப் பார்த்துக்கொள்வது போல, என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

கீழே ஓடையில் கால் கழுவி, புளியஞ்சோலையில் பஸ் பிடித்து மண்டிக்குப் போனபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பாய் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் இருந்தார். என் வேட்டியில் ஒட்டியிருந்த காட்டுப் புல்லைப் பார்த்தார்.

"நடந்தா வந்தீங்க?"

"ஆமாம்."

"அல்லாவே. நெஞ்சு படபடன்னு அடிக்கலியா? உக்காருங்க சார், உக்காருங்க." டீ சொன்னார். டீ வரும் வரை மழையைப் பற்றிப் பேசினார். கிளாஸ் கைக்கு வந்ததும் நான் விஷயத்துக்கு வந்தேன். ஐந்தாவது விதிக்கு ஒரு திருத்தம் எழுதியிருப்பதாகவும், அதை முன்தேதியிட்டு அமல்படுத்தினால் அவருடைய மந்திரவாதியை உயிர்ப்பிக்க வழி இருப்பதாகவும் சொன்னேன்.

"வேணாமுங்க. மவுத்தாப் போனவனை எழுப்பிக் கொண்டாந்து வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார். "சார், உங்க சட்டம் சரின்னே வெச்சுக்குவோம். உத்தரவு போய்ச் சேரணும்கிறீங்க. சரி. அதை நான் 'இறுகு'ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஏன் சொல்லலை?"

"கேஸ் வந்தாத்தானே தீர்ப்பு?"

"அப்ப ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கதவுக்குள்ள நின்னது டீச்சரம்மா இல்ல, நான்னு வெச்சுக்கங்க. உள்ள நிக்கிறது டீச்சரம்மா. அவங்க 'இறுகு'ங்கறாங்க. அப்பவும் இதே தீர்ப்புதானா?"

"இதே தீர்ப்புதான்."

"சத்தியமா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. அதைக் குடித்தேன்.

பாய் சிரித்தார். கோபத்தில் சிரிக்கிறாரா என்று பார்த்தேன், அப்படித் தெரியவில்லை. "நான் வாரேன் சார். ஒரு கண்டிசன். நான் நடுவர். நீங்க அந்தப் பக்கம் உக்காந்து ஆடணும்."

"உங்களுக்கு விதிகள் தெரியாதே."

"தெரியாதுதான். நான் சொல்றது விதி. பிடிக்கலேன்னா இங்கயே மிளகு புடைச்சுக்கிட்டு இருக்கேன், எனக்கென்ன?"

அது முறையே அல்ல. யாரிடம் வேண்டுமானாலும் முறையிட்டு ஜெயித்திருக்கலாம், ஆனால் முறையிட ஆளில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் ஒரு கைப்பிடி மிளகை எடுத்து என் சட்டைப் பையில் போட்டு, யோசிக்கும்போது மெல்லுங்கள் என்றார். திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன். மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இந்த ஏற்பாட்டுக்கு ஓர் ஆட்சேபம் தோன்றியது. வளைவுகள் முடிந்தும் ஆட்சேபங்கள் முடியவில்லை. பஸ் நிலையத்தில் டாக்டர் நின்றிருந்தார். "ஞாயிறு வாங்க, பாய் வருவாரு," என்று சொன்னது என் குரல்தான்.

அந்த ஞாயிறு பாய் என் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்தார். நான் எழுதிய விதிகளை மரியாதையாக எடுத்து டீத் தட்டுக்குக் கீழே வைத்தார். நான் மந்திரவாதியாகச் சேர்ந்தேன். தன்மை மாற்றும் சக்தியைத்தான் எடுத்தேன். அதன் விதிகளை என்னளவு அறிந்தவர் இந்த மலையில் இல்லை.

"முன்னால ஒரு ஆறு. வெள்ளம். அக்கரைல சந்தை. என்ன பண்றீங்க?" என்றார் பாய்.

டாக்டர் நீந்தத் தோதான இடம் தேடினார். என் மனைவி கயிற்றைப் பாறையில் கட்டினாள். நான் தொண்டையைச் செருமி, ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்குத் தண்ணீரைக் கல்லாக இறுக்குவதாக அறிவித்தேன். பகடை பதினேழு.

"இறுகிருச்சு. நடங்க."

நடந்தேன். பாதி ஆறு தாண்டினேன்.

"கரைலருந்து ஒருத்தர் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடறாரு. திரும்பிப் பாக்குறீங்களா?"

"பார்க்கிறேன்."

"பாத்தீங்களா, கவனம் போச்சு. கவனம் இருக்கிற வரைக்கும்தான் மந்திரம். தண்ணி தண்ணியாச்சு. தொபுக்கடீர்."

"எந்த விதிப்படி?" நான் எழுந்துவிட்டேன். "மறு உத்தரவு எங்கே? யார் போட்டது? முன்னறிவிப்பே இல்லாமல்..."

"கேஸ் வந்தாத்தானே தீர்ப்பு, சார்?"

டாக்டர் மேசையில் தலை வைத்துச் சிரித்தார். நான் சட்டத்தின் அடிப்படைகளை விளக்கினேன். கவனம் என்பது அளக்க முடியாதது என்றேன். அளக்க முடியாததை அடிப்படையாக வைத்து உத்தரவு போட முடியாது என்றேன். பாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, இடையிடையே தண்ணீர் என் இடுப்புக்கு வந்ததையும் மார்புக்கு வந்ததையும் தெரிவித்தார்.

"சார், இப்ப மூக்குக்கு வந்துருச்சு. வாதாடறீங்களா, நீந்தறீங்களா?"

"நீந்தறேன்," என்றேன்.

பகடை மேசை விளிம்பு வரை உருண்டு மூன்றில் நின்றது. நான் மனைவியைப் பார்த்தேன். கயிறு அவளிடம்தான் இருந்தது.

"அவரு தோள்ல ஒரு தோல் பை தொங்குதுங்களே பாய், அதை மொதல்ல கரைக்கு எறியச் சொல்லுங்க," என்றாள். "கனமா இருக்கும் பாவம்."

"எறியறேன்."

"பிடிச்சாச்சு," என்றாள். கயிற்றைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பையைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாயிடம் விசாரிக்க ஆரம்பித்தாள்.

பாய் என் முகத்தைப் பார்த்தார். பகடையை எடுத்து வேட்டியில் துடைத்து என் பக்கம் நீட்டினார். "பாவமா இருக்கு. இன்னொரு தடவை போடுங்க சார்."

அப்படி ஒரு வழி எந்த விதியிலும் இல்லை. அதை நான் சொல்லவில்லை. உருட்டினேன்.